சி நிரல்களில் முழு எண் வழிதல்: எந்தத் தடுப்பு எங்கே பொருந்தும்?

ஒரு படக் கோப்பைத் திறக்கும் சி நிரலை எடுத்துக்கொள்வோம். கோப்பின் தலைப்பகுதியில் அகலம் 65,536 என்றும் உயரம் 16,385 என்றும் எழுதப்பட்டிருக்கிறது. படத்தின் ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். எவ்வளவு நினைவகம் தேவை என்று அறிய நிரல் இந்த மூன்று எண்களையும் பெருக்குகிறது. சரியான விடை 4,29,52,29,440. ஆனால் 32 பிட் குறியற்ற எண்ணில் (எதிர்மறை மதிப்பு இல்லாத எண்ணில்) அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 4,29,49,67,295 மட்டுமே. ஆகவே விடையின் மேற்பகுதி வெட்டுண்டு போய், மாறியில் 2,62,144 என்ற எண் தங்குகிறது. அது அந்தப் படத்தின் ஒரே ஒரு வரிசைக்குத் தேவையான இடம். நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் என்ற செயற்கூறு அந்த இடத்தைத் தயங்காமல் ஒதுக்கித் தருகிறது. முதல் வரிசை சரியாகவே எழுதப்படுகிறது. இரண்டாம் வரிசையின் முதல் பைட்டிலிருந்து நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தில் எழுதத் தொடங்குகிறது. கோப்பை அனுப்பியவர் விரும்பிய பைட்டுகள் அவர் விரும்பிய இடத்தில் போய் அமர்கின்றன.

‘ஓவர்ஃப்ளோ’ என்பதற்கு நாம் ‘வழிதல்’ என்று சொல்கிறோம். நெல் அளக்கும் படி வழிந்தால் மணிகள் தரையில் சிந்துவது கண்ணுக்குத் தெரியும். சி மொழியில் எண் வழியும்போது எதுவும் சிந்துவதில்லை. அளவாகத் தோன்றும் இன்னொரு எண் அங்கே இருக்கும், அதை நம்பி அடுத்த வரி இயங்கும். பிழை நிகழ்ந்த வரிக்கும் நிரல் விழுந்த வரிக்கும் இடையே ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கக்கூடும். இந்தப் பிழையைத் தேடுவதைவிட முன்கூட்டியே தடுப்பது மலிவு என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

தடுப்பதற்கு வழிகள் பல உண்டு: கையால் எழுதும் சோதனை, அகலமான தரவினம், கம்பைலர் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தரும் சோதனைக் கணக்கு, பாதுகாப்பான நினைவக ஒதுக்கீடு, கம்பைலர் கொடிகள் (தொகுக்கும்போது கம்பைலருக்குத் தரும் விருப்பக் கட்டளைகள்), உள்ளீட்டுக்கு எல்லை வைத்தல். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. நான் இவற்றை ஒப்பிடும்போது முன்வைக்கும் கேள்வி ஒன்றுதான்: எண் வழிந்தால் அந்த இடத்தில் நிரல் என்ன செய்ய வேண்டும்? கோப்பை ஏற்க மறுக்க வேண்டுமா, உடனே நின்றுவிட வேண்டுமா, உச்ச மதிப்பிலேயே நிறுத்திக்கொண்டு தொடர வேண்டுமா, அல்லது வழிந்து சுற்றி வருவதுதான் நாம் விரும்பிய விடையா? இதற்கு விடை சொன்ன பிறகுதான் எந்தக் கருவி என்ற பேச்சு தொடங்க முடியும்.

மொழியின் விதிகள்

சி மொழியில் குறியற்ற எண்களும் குறியுள்ள எண்களும் வழியும் விதம் வேறு. குறியற்ற எண் வழிந்தால் அது பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கிச் சுற்றி வரும் என்று தரநிலை உறுதியாகச் சொல்கிறது. குறியுள்ள எண் வழிந்தால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவே இல்லை. அத்தகைய நிகழ்வு நடக்காது என்று வைத்துக்கொண்டு கம்பைலர் நிரலைச் சுருக்கலாம். குறியுள்ள எண்களை இரண்டின் நிரப்பு (எதிர்மறை எண்களைப் பிட்டுகளில் குறிக்கும் வழக்கமான வழி) முறையிலேயே அமைக்க வேண்டும் என்று சி23 தரநிலை கட்டாயமாக்கிய பிறகும் இந்த நிலை மாறவில்லை. அமைப்பு முறை உறுதியாகிவிட்டதால் வழிதலும் உறுதியாகிவிட்டது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது தவறு.

இதன் விளைவை 2007 சனவரியில் ஜிசிசி என்ற கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் வந்த ஒரு முறையீடு நன்றாகக் காட்டியது. ஓர் எண்ணுடன் 100-ஐக் கூட்டி, கூட்டுத்தொகை பழைய எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் கம்பைலர் முற்றாக நீக்கிவிட்டது என்பது முறையீடு. குறியுள்ள எண்ணுடன் 100-ஐக் கூட்டினால் விடை எப்போதும் பெரிதாகவே இருக்கும், வழிதல் என்பது நடக்காத ஒன்று, எனவே சோதனை தேவையற்றது என்பது கம்பைலரின் தர்க்கம். அது தரநிலைக்கு உட்பட்டதே என்பதுதான் உருவாக்குநர்கள் தரப்பின் விடையாக இருந்தது. சோதனையை எழுதியவர் பொறுப்போடுதான் எழுதினார். ஆனால் வழிந்த பிறகு பார்க்கும் சோதனையை எழுதினார். குறியுள்ள எண்களில் கணக்குக்கு முன்னால் பார்க்கும் சோதனைக்கு மட்டுமே மதிப்பு உண்டு.

இன்னொரு விதியும் பலரைத் தடுமாற வைக்கிறது. 16 பிட் குறியற்ற எண்கள் இரண்டைப் பெருக்கும்போது, கணக்கு தொடங்குமுன் அவை இரண்டும் இன்ட் என்ற குறியுள்ள முழு எண் தரவினத்துக்கு உயர்த்தப்படுகின்றன. 65,535-ஐ 65,535-ஆல் பெருக்கினால் வரும் 4,29,48,36,225 என்ற விடை 32 பிட் இன்ட்டின் உச்சமான 2,14,74,83,647-ஐத் தாண்டிவிடுகிறது. குறியற்ற மாறிகளை மட்டுமே பயன்படுத்தினேன், ஆகவே சுற்றி வருவது உறுதி என்று நம்பியவர், தம்மை அறியாமல் வரையறுக்கப்படாத நடத்தைக்குள் போய்விடுகிறார்.

கையால் எழுதும் சோதனை

மிகப் பழைய வழி இது. எந்தக் கம்பைலரிலும், எந்தச் சிப்பிலும் செல்லும். பெருக்கலுக்கு முன் வகுத்துப் பார்க்க வேண்டும்: எண்ணிக்கை என்பது, உச்ச மதிப்பை ஓர் உறுப்பின் அளவால் வகுத்து வரும் ஈவைவிடப் பெரிதாக இருந்தால் மறுத்துவிட வேண்டும். கூட்டலுக்குக் கழித்துப் பார்க்க வேண்டும். ‘தொடக்க இடமும் நீளமும் சேர்ந்தால் இடையகத்தின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) அளவைத் தாண்டுகிறதா’ என்று எழுதினால் அந்தக் கூட்டலே வழியக்கூடும். முதலில் தொடக்க இடம் இடையகத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ‘மீதமிருக்கும் இடத்தைவிட நீளம் பெரிதா’ என்று கேட்டால், எந்த நிலையிலும் வழிய வாய்ப்பில்லை. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொண்டாலே கோப்பு வடிவங்களையும் வலைப்பொதிகளையும் படிக்கும் நிரல்களில் பெரும்பாலான கூட்டல் பிழைகள் மறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

இந்தச் சோதனை இல்லாததால் நேர்ந்ததற்கு தொலைக் கணினியோடு பாதுகாப்பாக இணைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் ஓர் உதாரணம். தொலைவிலிருந்து இணைபவர் தாம் தரப்போகும் மறுமொழிகளின் எண்ணிக்கையை அனுப்புவார். நிரல் அதை ஒரு பாயிண்டரின் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியின்) அளவால் பெருக்கி இடம் ஒதுக்கும். பாயிண்டருக்கு 4 பைட் கொண்ட கணினியில் எண்ணிக்கை 1,07,37,41,825 என்று வந்தால் பெருக்கல் சுற்றி வந்து 4 பைட்டில் நிற்கிறது. ஒரு பாயிண்டருக்கு மட்டும் இடம், எழுதப்போவதோ நூறு கோடிக்கும் மேல். 2002 ஜூனில் வெளிவந்த 3.4 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட, கவனமான கைகள் எழுதிய நிரல் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

கையால் எழுதும் சோதனையின் குறை அங்கேதான் இருக்கிறது. குறியற்ற எண்ணில் ஒரு வரியில் முடியும் சோதனை, குறியுள்ள பெருக்கலில் இரு எண்களின் குறிகளுக்கேற்ப நான்கு கிளைகளாகப் பிரிகிறது. எழுதுபவர் ஒரு கிளையை மறப்பார். படிப்பவர் மறந்ததைக் கவனிக்க மாட்டார். நூறு இடங்களில் எழுதப்பட்டால் நூறையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பழைய கம்பைலரோடு கட்டுண்ட சாதனங்களுக்கு எழுதுபவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் இந்தச் சோதனைகளை நான்கைந்து சிறு செயற்கூறுகளுக்குள் ஒருமுறை எழுதி, நன்கு சோதித்து, எங்கும் அவற்றையே அழைப்பது நல்லது. மற்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது.

அகலமான தரவினம்

32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் வரும் விடை 64 பிட்டுக்குள் எப்போதும் அடங்கும். குறியுள்ளவை என்றாலும் குறியற்றவை என்றாலும் இது மாறாது. ஆகவே கணக்கை 64 பிட்டில் செய்துவிட்டு, கடைசியில் எல்லையோடு ஒப்பிட்டால் போதும். படிப்பதற்கு மிக எளிது, செலவும் அநேகமாக இல்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரித்துவந்த ஒரு நிரலில், ஒவ்வொன்றும் 512 பைட் கொண்ட பதிவுகள் ஒரே கோப்பில் அடுத்தடுத்துச் சேமிக்கப்பட்டன. கோப்பு பெரிதாகும் என்று தெரிந்ததால், பதிவின் இடத்தைக் குறிக்கும் மாறியை 64 பிட்டாக மாற்றினேன். பதிவு எண்ணையும் 512-ஐயும் பெருக்கி அந்த மாறியில் இடும் வரியை அப்படியே விட்டுவிட்டேன். பெருக்கப்படும் இரண்டும் 32 பிட் குறியற்ற எண்களாக இருந்ததால், பெருக்கல் 32 பிட்டிலேயே நடந்து, சுற்றி வந்த பிறகுதான் விடை 64 பிட்டுக்கு விரிந்தது. 83,88,608 என்ற எண்ணுள்ள பதிவு வந்த நாளில் பெருக்கலின் விடை பூச்சியமாகியது. கோப்பின் தொடக்கத்தில் இருந்த தலைப்பதிவின் மேல் அது எழுதப்பட்டது. கோப்பில் இருந்த மற்ற எல்லாமே பத்திரமாக இருந்தும், எதையும் திறக்க முடியவில்லை. என் மாற்றத்தை இருவர் சரிபார்த்து ஒப்புதல் அளித்திருந்தார்கள். மாறியின் தரவினம் 64 பிட் என்று அந்த வரியில் பளிச்சென்று தெரிந்ததால், மூவருமே அதற்கு வலப்பக்கம் பார்க்கவில்லை. விரிப்பது பெருக்கலுக்கு முன் நடக்க வேண்டும். பெருக்கப்படும் எண்களில் ஒன்றையாவது முதலில் 64 பிட்டாக மாற்றிவிட வேண்டும்.

மூன்று 32 பிட் எண்களைப் பெருக்கும்போது 64 பிட்டும் போதாது. அத்துடன், 64 பிட்டில் சரியாகக் கணக்கிட்ட அளவை 32 பிட் கணினியில் மாலாக்குக்குக் கொடுக்கும்போது அது நினைவக அளவுகளுக்கான, அங்கே 32 பிட்டே உள்ள சைஸ்_டி தரவினத்துக்குள் நுழைவதற்காக மீண்டும் வெட்டுப்படுகிறது. கணக்கு சரி, ஒப்படைத்த இடத்தில் தவறு.

ஆனால் எண்ணிகளுக்கும் காலத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது: மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் அலகுகள் 248 நாட்கள் தொடர்ந்து இயங்கினால் அவற்றின் உள்ளிருக்கும் ஓர் எண்ணி வழிந்து, எல்லா மின்னாக்கிகளும் ஒருசேர நின்றுபோகக்கூடும் என்பதே காரணம். நொடிக்கு நூறு முறை கூடும் 32 பிட் குறியுள்ள எண்ணி நிரம்புவதற்கு ஆகும் காலம் 248 நாட்களைச் சற்றுத் தாண்டியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே எண்ணி 64 பிட்டாக இருந்தால் நிரம்ப சுமார் 292 கோடி ஆண்டுகள் ஆகும். 32 பிட் காலக்குறி 2038 சனவரி 19-இல் நிரம்பப்போவதற்கும் தீர்வு இதுதான். வழிந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கே ‘வழியவே விடாதே’ என்று விடை சொல்ல முடிகிறது. அந்த வசதி வெளியாரிடமிருந்து வரும் எண்களுக்கு இல்லை.

சோதனையோடு கூடிய கணக்கு

ஜிசிசி 5 பதிப்பு 2015-இல் வந்தபோது, கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றுக்கும் வழிதலைச் சொல்லும் உள்ளமைந்த செயற்கூறுகள் கிடைத்தன. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் அவை உண்டு. சி23 தரநிலை அவற்றைச் சிகேடி_ஆட், சிகேடி_சப், சிகேடி_மல் என்ற பெயர்களில் ஏற்றுக்கொண்டது. ஜிசிசி 14-உம் கிளாங் 18-உம் அதற்கான தலைப்புக் கோப்போடு வருகின்றன. அழைக்கும் முறை எளிது: விடையை வைக்க வேண்டிய மாறியின் முகவரியையும் இரண்டு எண்களையும் கொடுக்க வேண்டும். விடை அடங்கவில்லை என்றால் ‘உண்மை’ என்று திரும்பும்.

இதன் உண்மையான சிறப்பு தரவினங்களைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. கொடுக்கப்பட்ட எண்களை எல்லையற்ற அகலத்தில் கணக்கிட்டது போல விடை காணப்பட்டு, அது நாம் கொடுத்த மாறிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கப்படுகிறது. குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் கலந்து கொடுத்தாலும், இன்ட்டாக உயர்த்தும் விதி நம்மை ஏமாற்றுவதில்லை. மேலே நான் சொன்ன பதிவுக் கோப்பின் பிழை இங்கே நேர்ந்திருக்காது. மாறி 64 பிட் என்றால் சோதனையும் 64 பிட்டுக்குத்தான் நடக்கும்.

செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை. எக்ஸ்86 சிப்பில் கூட்டல் கட்டளை தானாகவே வழிதல் கொடியை (சிப்பின் உள்ளிருக்கும் ஒரு பிட் அடையாளத்தை) ஏற்றிவிடுகிறது. கொடி ஏறியிருந்தால் தாவு என்ற ஒரே ஒரு கட்டளையைக் கம்பைலர் சேர்க்கிறது. ஆர்ஐஎஸ்சி-வி சிப்புகளில் அத்தகைய கொடியே கிடையாது. குறியுள்ள கூட்டலின் வழிதலை அறியப் பொதுவாக மூன்று கூடுதல் கட்டளைகள் தேவை. கோடிக்கணக்கான முறை சுழலும் உள்வளையத்தில் இது தெரியக்கூடும். ஆனால் கோப்பின் தலைப்பகுதியில் ஒருமுறை நடக்கும் பெருக்கலுக்குச் செலவைப் பற்றிப் பேசுவதே நேர விரயம். உள்வளையத்துக்குள் போகும் எண்களை வளையத்துக்கு வெளியே ஒருமுறை சோதித்துவிடுவதே முறை.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரும்பும் விடையைப் பார்க்காமல் விட்டால் சோதனை செய்ததற்குப் பொருளில்லை. வழிந்து சுற்றிய எண்ணே மாறியில் இருக்கும். நீண்ட கணக்கு ஒன்றை மூன்று நான்கு அழைப்புகளாகப் பிரிக்க வேண்டியிருப்பதால் நிரலின் அழகு குறைகிறது. வகுத்தலுக்கும் இட நகர்த்தலுக்கும் இத்தகைய செயற்கூறு இல்லை: இன்ட்டின் மிகச் சிறிய எண்ணைக் கழித்தல் 1-ஆல் வகுப்பதும் வழிதல்தான், எக்ஸ்86 சிப்பில் அது நிரலை அங்கேயே நிறுத்திவிடும். அதைக் கையால்தான் சோதிக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், வெளியிலிருந்து வந்த எண் நினைவகத்தின் அளவாகவோ இடச்சுட்டாகவோ மாறும் ஒவ்வொரு இடத்திலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஏனென்றால் வழிதல் நிகழ்ந்த அதே வரியில், என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை நிரல் எழுதுபவரிடம் திருப்பித் தருவது இந்த வழி. கோப்பை மூடலாம், ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கலாம், பயனாளருக்குப் பிழைச்செய்தி தரலாம். லினக்ஸ் கெர்னல் (அந்த இயங்குதளத்தின் உட்கரு) 2018 முதல் இதே உள்ளமைந்த செயற்கூறுகளைத் தன் சொந்தப் பெயர்களில் சுற்றிவைத்துப் பயன்படுத்துகிறது. ஒரு கட்டமைப்பும் அதன் பின்னால் வரும் அணியும் சேர்ந்து எவ்வளவு இடம் கேட்கும் என்பதைக் கணக்கிடத் தனி மேக்ரோவே அங்கே உண்டு.

இதன் சிறிய உறவினர், நினைவகம் ஒதுக்கும் கேலாக் என்ற செயற்கூறு. எண்ணிக்கையையும் ஓர் உறுப்பின் அளவையும் தனித்தனியாக வாங்கி, பெருக்கலைத் தானே சோதிக்கிறது. இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பித் தருவது சில வேளைகளில் வீண் செலவு. ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தைப் பெரிதாக்க அதனால் முடியாது. அந்தக் குறைகளுக்காக ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 5.6 பதிப்பு 2014-இல் ரீஅலாக்அரே என்ற செயற்கூறைக் கொண்டுவந்தது. லினக்ஸில் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியின் 2017-இல் வந்த 2.26 பதிப்பும் அதை ஏற்றது. பழைய நிரல் ஒன்றைத் திருத்த ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது என்றால், மாலாக்கின் அடைப்புக்குள் பெருக்கல் குறி உள்ள வரிகளையெல்லாம் தேடி எடுத்து இவற்றுக்கு மாற்றுவதில் அந்த நாளைச் செலவிடுவேன். ஆனால் இவை காப்பது இரண்டு எண்களின் பெருக்கலை மட்டும். அகலம், உயரம், 4 என்ற மூன்றில் இரண்டை நாமே பெருக்கிக் கொடுத்தால், அந்தப் பெருக்கல் காப்புக்கு வெளியே நிற்கிறது.

கம்பைலர் கொடிகள்

நிரலில் ஒரு வரியையும் தொடாமல் பாதுகாப்புக் கிடைக்கும் என்பதால் கொடிகளின் மீது எல்லோருக்கும் கண் போகிறது. எஃப்-ராப்-வி என்ற கொடி, குறியுள்ள எண்களும் சுற்றியே வரும் என்று உறுதி செய்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இந்தக் கொடியோடு கட்டப்படுகிறது. லினக்ஸ் கெர்னலும் இதே விளைவு தரும் வேறொரு கொடியைப் பயன்படுத்துகிறது. சோதனைகளைக் கம்பைலர் நீக்கிவிடும் ஆபத்து இதனால் போய்விடுகிறது என்பது பெரிய நன்மை. பழைய, பெரிய நிரல்தொகுதி எதற்கும் இதை இட்டுவைப்பது நல்லது. ஆனால் நம் படக் கோப்புக்கு இது எதுவும் செய்யவில்லை. அந்தப் பெருக்கல் முன்பும் சுற்றி வந்தது, இப்போதும் சுற்றி வருகிறது, ஒதுக்கப்படுவது அதே 2,62,144 பைட்தான். நடத்தை வரையறுக்கப்பட்டுவிட்டது என்பதும் விடை சரியாகிவிட்டது என்பதும் வேறு வேறு.

வழிந்தவுடன் நிறுத்திவிடும் கொடிகள் இரண்டாம் வகை. பழைய எஃப்-ட்ராப்-வி கொடியை விட்டுவிட்டு யுபிசான் என்ற, நிரல் ஓடும்போதே பிழையைப் பிடிக்கும் சானிடைசரைப் பயன்படுத்துவது இன்று நல்லது. எந்த வரியில் எந்த எண்கள் வழிந்தன என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது கவனிப்பது குறியுள்ள எண்களை. அளவுகளும் இடச்சுட்டுகளும் பெரும்பாலும் குறியற்ற எண்கள். அவற்றின் வழிதலைப் பிடிக்கும் கொடி கிளாங்கில் மட்டும் உண்டு, ஜிசிசியில் இல்லை. அந்தக் கொடியை இட்டாலோ, வேண்டுமென்றே சுற்றவிடும் ஹேஷ் கணக்குகளும் சீரற்ற எண் ஆக்கிகளும் வரிசையாக எச்சரிக்கை எழுப்பும். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவைக்க வேண்டும்.

சானிடைசர் ஓடிய பாதையில் நடந்ததை மட்டுமே சொல்லும். சோதனைக் கோப்புகளில் 65,536-உம் 16,385-உம் இல்லையென்றால் அது எதையும் சொல்லாது. அதனால்தான் அதைத் தாறுமாறான உள்ளீடுகளை உருவாக்கித் தரும் ஃபஸ்ஸரோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். அந்தச் சேர்க்கை மிகப் பயனுள்ளது. ஆயினும் அது கண்டுபிடிக்கும் கருவி. தடுக்கும் கருவியாக வேண்டுமென்றால் பயனாளரிடம் போகும் பதிப்பிலும் அதை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அவ்வாறு செய்தது: 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் நூலகத்தில், நிகழ்படக் கோப்பைப் படிக்கும்போது முழு எண் வழிதலால் தாக்கக்கூடிய ஓட்டைகள் வெளியான பிறகு, ஆண்ட்ராய்டு 7.0-இல் ஊடகப் பகுதிகள் வழிதல் சானிடைசரோடு கட்டப்பட்டன. எண் வழிந்தால் அந்தச் செயல்முறை இறந்துபோகும். தாக்குபவருக்கு எதுவும் கிடைக்காது. ஊடகத்துக்கென்று தனிச் செயல்முறை இருப்பதாலும், இறந்ததை மீண்டும் எழுப்ப முடிவதாலும் அந்த முடிவு அங்கே பொருந்துகிறது.

நிறுத்திவிடுவது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு 1996 ஜூன் 4 அன்று அழிந்த ஏரியான் 5 ஏவுகலம் சாட்சி. அதன் நிரல் அடா மொழியில் எழுதப்பட்டது. ஆயினும் இங்கே சொல்லத் தக்கது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. அடா அதைச் சரியாகவே கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பின் செய்ய வேண்டியதாக வடிவமைப்பு சொன்னது, அந்தக் கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது. மாற்றாக இருந்த இரண்டாவது கணினியும் அதே நிரலை ஓட்டியதால் அதே காரணத்தால் அதற்கு முன்பே நின்றிருந்தது. புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் ஏவுகலம் அழிந்தது. அந்தக் கணக்கோ, ஏவுகலம் தரையை விட்டு எழுந்த பின் தேவையே இல்லாதது. உச்ச மதிப்பிலேயே நிறுத்திக்கொண்டு தொடர்ந்திருந்தால் போதும். இயங்கிக்கொண்டிருக்கும் எந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நிரலை எழுதுபவர்கள், நிறுத்தும் கொடியை இடுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரவினம் மாறும் இடங்களையும் குறி கலந்த ஒப்பீடுகளையும் காட்டும் கம்பைலர் எச்சரிக்கைகளைப் புதிய நிரலில் முதல் நாளே இயக்கிவிட வேண்டும். பழைய நிரலில் பின்னர் இயக்கினால் வரும் எச்சரிக்கைகளின் பெருக்கத்தில் உண்மையானவை மூழ்கிவிடும். ஃப்ராமா-சி, சிபிஎம்சி போன்ற கருவிகள் ஒரு செயற்கூறில் வழிதல் நிகழவே நிகழாது என்று நிறுவிக்காட்ட வல்லவை. சிறிய, முக்கியமான பகுதிகளுக்கு அந்த உழைப்பு தகும், இலட்சம் வரி நிரலுக்குத் தகாது. வேறு மொழிக்கு மாறலாமே என்போருக்கு ஒன்று: ரஸ்ட்டில் கூட, வெளியீட்டுக்காகக் கட்டும்போது தனியாகக் கேட்காவிட்டால் எண்கள் சுற்றியே வரும், நினைவகம் காக்கப்படும், கணக்கு தவறாகவே இருக்கும்.

எல்லை வைத்தல்

கணக்கு தொடங்கும் முன்பே உள்ளீட்டை மறுக்கும் வழி ஒன்று இருக்கிறது. எளிதாக இருப்பதாலேயே பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிஎன்ஜி படங்களைப் படிக்கும் லிப்பிஎன்ஜி நூலகம் இயல்பாகப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் 10,00,000 என்று எல்லை வைத்திருக்கிறது. இத்தகைய எல்லை நிரலின் தேவையிலிருந்து பிறக்கிறது. எண்ணின் அகலத்திலிருந்து அன்று. நம் பயனாளருக்கு 20,000 புள்ளிகளுக்கு மேல் அகலமான படம் தேவைப்படாது என்றால், அதைத் தாண்டிய எதையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதன் பின் வரும் கணக்குகளைப் புரிந்துகொள்வதும் எளிதாகிறது: 20,000-ஐ 20,000-ஆல் பெருக்கி 4-ஆல் பெருக்கினால் 160 கோடி, 32 பிட் இன்ட்டுக்குள் அடங்கும் என்று காகிதத்திலேயே காட்டிவிடலாம். ஆனால் எல்லை பத்து இலட்சம் என்றால் பெருக்கல் நான்கு இலட்சம் கோடி வரை போகும். 32 பிட் அதைத் தாங்காது. ஆகவே எல்லை வைத்தவர் அந்த எல்லையில் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நாளை வேறொருவர் எல்லையை உயர்த்தும்போது கணக்கையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்ல, அந்த வரிக்கு அருகிலேயே தொகுப்பு நேரச் சோதனை ஒன்றை எழுதிவைப்பது நல்லது. எல்லையைக் கூட்டினால் நிரல் தொகுபடாமல் நின்று காரணம் சொல்லும்.

இனி முடிவெடுக்கும் இடம். கோப்பு, வலைப்பொதி முதலிய வெளியார் தரவைப் படிக்கும் நூலகம் என்றால், வாசலில் எல்லையும் உள்ளே சிகேடி வகைச் சோதனையும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிடக் கூடாது. எண்ணிகள், காலம், கோப்பில் உள்ள இடம் ஆகியவை 64 பிட்டாக இருக்கட்டும். விரிப்பது கணக்குக்கு முன் நடக்கட்டும். எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் நிரலில், வழிந்தால் உச்சத்தில் நிற்கும் செயற்கூறுகளை எழுதிப் பயன்படுத்த வேண்டும். எந்த மாறிக்கு அது பொருந்தும் என்பதை அந்த எந்திரத்தை அறிந்தவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். யாரும் முழுதாக அறியாத பழைய நிரலைக் கையில் எடுத்திருப்பவர் முதலில் எஃப்-ராப்-வி கொடியை இட்டு, மாலாக் வரிகளைக் கேலாக்குக்கும் ரீஅலாக்அரேக்கும் மாற்றி, பிறகு சானிடைசரையும் ஃபஸ்ஸரையும் சேர்த்து ஓடவிட்டு, அவை காட்டும் இடங்களில் ஒவ்வொன்றாகச் சோதனைக் கணக்கைக் கொண்டுவரலாம். அந்த வரிசை எனக்கு இருமுறை பயன்பட்டிருக்கிறது. சோதனைக் கோப்புறையில் முதலில் இட வேண்டிய கோப்பு அகலம் 65,536, உயரம் 16,385 என்று சொல்லும் படம். தலைப்பகுதி மட்டும் போதும், புள்ளிகள் தேவையில்லை. நிரல் அதை மறுத்துப் பிழைச்செய்தி தருகிறதா என்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் 32 பிட், 64 பிட் இரண்டிலும் பார்க்க வேண்டும்.